தோழியும் இற்செறிப்பும்: பள்ளி உறவுகளும் பெண்ணின் தன்னுணர்வும்

சங்க அகப்பாடல்களைக் கற்போர் ஒரு செய்தியைக் காணத் தவறார். தலைவிக்கு ஈன்ற தாய் உண்டு. வளர்த்த செவிலி உண்டு. தந்தையும் தமையரும் உண்டு. எனினும் அவள் நெஞ்சத்தை முழுதும் அறிந்தவளும், அவள் பொருட்டுப் பேசுபவளும் தோழி ஒருத்தியே. தோழி கூற்றாக அமைந்த பாடல்கள் அகநூல்களில் மிகுதியாக இருப்பதன் காரணமும் இதுவே எனலாம். ஒரு பெண் தன்னை இன்னாள் என்று உணர்ந்துகொள்ள, அவளை ஒத்த இன்னொருத்தியின் உறவு வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அதே அகநூல்களில் இற்செறிப்பு என்றொரு துறையும் உண்டு. பருவம் எய்திய மகளின் வேறுபாட்டைக் கண்டு ஐயுற்ற குடும்பத்தார், அவளை வெளியே செல்லவிடாது வீட்டினுள் வைத்துக் காப்பதே இற்செறிப்பு. தினைப்புனக் காவலும், சுனையாடலும், ஆயத்தாரோடு ஆடிய ஆட்டமும் அன்றோடு முடிந்துவிடும். மூன்றாவதாக, அறத்தொடு நிற்றல். தக்க வேளையில் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும் உண்மையை எடுத்துரைத்து, தலைவியின் வாழ்வைக் காத்தலே அது.

தோழி, இற்செறிப்பு, அறத்தொடு நிற்றல் ஆகிய இம்மூன்றும் தேர்வுக்காக மனனம் செய்யும் இலக்கணக் குறியீடுகள் என்றே நம் மாணவியர் எண்ணக்கூடும். பள்ளியிலும் கல்லூரியிலும் பல்லாண்டுகள் பணியாற்றிய எனக்கோ, இவை நம் ஊர்ப் பள்ளிகளில் இன்றும் நிகழ்ந்துகொண்டிருப்பவையாகவே தோன்றுகின்றன. ஒரு பெண் தன்னை யாரென்று எண்ணுகிறாள், பெண்ணுக்கு உரியது எது, உரியதன்று எது எனக் கருதுகிறாள் என்பதைப் பாடநூல்களைவிடப் பள்ளியில் அவள் பெறும் உறவுகளே பெரிதும் உருவாக்குகின்றன. அவ்வுறவுகளைப் பேணுவது கல்வியின் ஓரத்து வேலையன்று. நடுவான வேலை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர் கிடைக்கும் இடம்

வீட்டில் ஒரு சிறுமிக்குக் கிடைப்பவை எல்லாம் உறவுப் பெயர்களே. அவள் ஒருவருக்கு மகள், ஒருவருக்குத் தங்கை, ஒருவருக்குப் பேத்தி. தெருவில் நடந்தால் இன்னார் வீட்டுப் பிள்ளை. இன்னும் சில ஆண்டுகள் சென்றால் இன்னார் வீட்டு மருமகள். இப்பெயர்கள் அனைத்தும் அன்பினால் வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுள் ஒன்றும் அவள் தேர்ந்தது அன்று. ஒவ்வொரு பெயரோடும் ஒரு கடமையும் பிறந்தது முதலே ஒட்டிக்கொண்டு வருகிறது.

பள்ளியின் வருகைப் பதிவேட்டில்தான் அவளுக்குரிய பெயர் முதன்முறையாகத் தனியே ஒரு வரியில் எழுதப்படுகிறது. நாள்தோறும் காலையில் அப்பெயர் உரக்க அழைக்கப்படுகிறது. அவளும் எழுந்து விடை தருகிறாள். சிறிய செயல்தான். ஆனால் ஓர் அவையில் தன் பெயரைக் கேட்டு எழுந்து நின்று குரல் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு வேறெங்கே கிடைக்கிறது?

அடுத்து, அவள் ஒருத்தியைத் தோழியாகத் தேர்ந்துகொள்கிறாள். மாமன் மகள் என்பதற்காகவோ, அடுத்த வீட்டுக்காரி என்பதற்காகவோ அன்று. பெஞ்சில் அருகே அமர்ந்தவளின் பேச்சும் சிரிப்பும் பிடித்துப்போனமையால் தேர்கிறாள். அவளும் இவளைத் தேர்கிறாள். பெண்ணொருத்தியின் வாழ்வில் அவளே விரும்பிக் கொண்ட முதல் உறவு பெரும்பாலும் இதுவே. உணவுப் பாத்திரத்தைத் திறந்து பகிர்ந்துண்பதும், கணக்குப் பாடத்தில் ஒருத்திக்கு ஒருத்தி உதவுவதும், வீட்டில் சொல்ல இயலாத அச்சங்களைச் சொல்லிக்கொள்வதும் இவ்வுறவின் அன்றாடச் செயல்கள். தன்னை மதித்து ஒருத்தி தேடி வருகிறாள் என்னும் உணர்வே ஒரு சிறுமியின் தன்மதிப்புக்கு முதல் விதையாகிறது.

ஆசிரியர் வழங்கும் பங்கு

பாடம் சொல்லித் தருவது ஒன்று. வேலை பகிர்ந்து தருவது மற்றொன்று. ஆண் பெண் பற்றிய கருத்துகளை மாணவர் மனத்தில் ஆழப் பதிப்பது இரண்டாவதே என்பதை நான் காலந்தாழ்ந்து உணர்ந்தேன்.

வகுப்பறைகளில் நாம் நாள்தோறும் செய்வதை நினைவுகூர்வோம். பெஞ்சைத் தூக்கி மாற்ற வேண்டுமென்றால் மாணவர்களை அழைக்கிறோம். வகுப்பறையைப் பெருக்க வேண்டுமென்றால் மாணவியரை அழைக்கிறோம். மணியடிப்பவன் மாணவன், விருந்தினருக்குத் தேநீர் கொண்டுவருபவள் மாணவி. தலைவன் ஒரு மாணவன். துணைத் தலைவி ஒரு மாணவி. கையெழுத்து அழகாயிருந்தால் மாணவி. பேச்சு அழுத்தமாயிருந்தால் மாணவன். இவற்றுள் எதையும் எந்தப் பாடத்திட்டமும் விதிக்கவில்லை. எனினும் பத்தாண்டுப் பள்ளி வாழ்வில் ஒருநாளும் தவறாமல் நடக்கும் பாடம் இது ஒன்றே.

இக்குறை பிறரிடம் மட்டும் உள்ளதாக நான் கூறவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கல்லூரிப் பணிக்கு வருமுன், கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருபாலரும் பயிலும் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு மாணவியர் நால்வரைத் தேர்ந்து, பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கிண்ணத்தையும் கொடுத்து வாயிலில் நிறுத்தினேன். அவர்களுள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்பிலேயே தெளிவான குரல் உடையவள், என்னிடம் வந்து, “நன்றியுரையை நான் சொல்லட்டுமா, டீச்சர்?” என்று கேட்டாள். “ஆம்பிளைப் பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது உனக்கு எதற்கு?” என்றேன். கடிந்து சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் வகுப்பில் கையுயர்த்தியதாக எனக்கு நினைவில்லை. அவளைப் பற்றிப் பின்னரும் கூற வேண்டியுள்ளது.

ஆசிரியரின் ஒரு சொல் இவ்வாறு அடைக்கவும் கூடும், திறக்கவும் கூடும். அண்ணல் நபியவர்களின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி என்பதை நபிமொழித் தொகுப்பின் வழியாக அறிகிறோம். ஒரு பெண் கற்றவளாக எதிரே அமர்ந்திருப்பதைக் காண்பதே மற்றொரு பெண்ணுக்குப் பாதிப் பாடம். ஆசிரியை ஒருவர் வரைபடத்தை விரித்துக் கடல்களைக் காட்டும்போது, கடல்களைப் பற்றி மட்டும் மாணவி கற்கவில்லை. பெண் இவ்வாறும் வாழலாம் என்பதையும் சேர்த்தே கற்கிறாள். அந்த ஆசிரியையே பன்னீர்ச் செம்பை மட்டும் அவள் கையில் கொடுத்தால், அக்கற்பித்தல் பொய்யாகிவிடுகிறது. நான் செய்தது அதுவே.

எதிர்ப்பக்கத்து இருக்கைகள்

நம் பள்ளிகளில் வழிவழியாக வரும் தண்டனை ஒன்றுண்டு. குறும்பு செய்யும் மாணவனை மாணவியர் பக்கத்தில் அமர வைப்பதே அது. வகுப்பு முழுவதும் சிரிக்கும். அவன் நாணித் தலைகுனிவான். தண்டனை பெற்றவன் அவன் ஒருவன்தான் என்று நாம் எண்ணுகிறோம். அன்று அப்பக்கத்தில் அமர்ந்திருந்த இருபது மாணவியரும் என்ன கற்றிருப்பர்? தாங்கள் நாள்தோறும் அமரும் இடம் இன்னொருவனுக்கு அவமானத்துக்குரிய இடம் என்பதைத்தானே? அழும் மாணவனை நோக்கி, “பொம்பளைப் பிள்ளை மாதிரி அழாதே” என்று கூறும்போதும், தோற்றவனுக்கு வளையல் கொடுக்கச் சொல்லி நகையாடும்போதும் இதே பாடம்தான் நடக்கிறது. மாணவனும் இதனால் கெடுகிறான். இரக்கமும் கண்ணீரும் தனக்கு உரியவை அல்ல என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

ஆணும் பெண்ணும் சிறுவயதிலேயே தனித்தனிக் குழுக்களாகப் பிரிவது இயற்கைதானே என்று சிலர் வினவலாம். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் பாரி தார்ன் என்பார் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டிடங்களையும் வகுப்பறைகளையும் நெடுநாள் உடனிருந்து கண்டு, 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே வயதினர் பெருங்கூட்டமாகக் கூடி, ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டிருக்கும் பள்ளி வெளியில் பிரிவு கூர்மையாகிறது என்றும், சிலரே கூடும் தெருவிலும் அண்டை வீடுகளிலும் அதே குழந்தைகள் வேற்றுமையின்றி விளையாடுகின்றனர் என்றும் அவர் காட்டினார். பிரிவின் ஒரு பகுதி இயல்பிலிருந்து வரலாம். ஆனால் அதன் கூர்மையைப் பள்ளியின் அமைப்பும் ஆசிரியரின் சொல்லும் தீட்டுகின்றன என்பதே இதிலிருந்து நாம் பெறும் கருத்து.

இதைக் கொண்டு, பால் வேறுபாடின்றி எல்லாரையும் கலந்து அமர்த்த வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தனி இருக்கையோ தனிப் பள்ளியோ அவரவர் மரபையும் விருப்பையும் பொறுத்தது. வரலாற்றில் திரைக்குப் பின்னிருந்து கற்றவர்களும் உயர்ந்துள்ளனர். 1904இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவால் சேர்க்கப்பட்ட அவர், ஆண் மாணவர் கண்ணில் படாதவாறு திரையிட்ட இடத்தில் அமர்ந்து பாடம் கேட்டார். அவரே 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவராகவும் விளங்கினார். திரை இருந்ததா இல்லையா என்பதைவிட, திரையின் இருபுறமும் இருப்போர் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றனரா என்பதே பெரிய கேள்வி.

மகளிர் பள்ளிகளில் ஒரு நன்மையை நான் கண்டுள்ளேன். அங்கே மணியடிப்பவளும், மேசையைத் தூக்குபவளும், கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவளும், நன்றி கூறுபவளும் மாணவியரே. இது என்னால் ஆகாது என்று ஒதுங்க அங்கே வழியில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே உள்ள உலகம் தங்களுக்கு உரியதன்று என்னும் எண்ணத்தோடு அவர்கள் வெளியேறுவார்களாயின் அந்நன்மையும் பாதியாகிவிடும்.

வழித்துணை

பள்ளி உறவுகள் பள்ளி வாயிலோடு முடிவதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலுள்ள வழியும் ஒரு வகுப்பறையே. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் இயக்குநராகப் பின்னர் விளங்கிய கல்வியறிஞர் கிருஷ்ண குமார், மத்தியப் பிரதேசச் சிறுநகரம் ஒன்றில் தாம் வளர்ந்த 1960களைப் பற்றி எழுதியுள்ளார். மாலையில் பள்ளி விட்டதும் சிறுவர்களுக்குத் தெரு என்பது நின்று வேடிக்கை பார்க்கவும், விளையாடவும், மிதிவண்டியில் வித்தை காட்டவும் உரிய இடம். சிறுமியருக்கோ அது வீடு போய்ச் சேர்வதற்கான வழி மட்டுமே. அச்சத்தால் அவர்கள் எப்போதும் கூட்டமாகவே சென்றனர் என்கிறார் அவர்.

நம் ஊர்களிலும் நிலை வேறன்று. மாணவி ஒருத்தி பள்ளிக்குப் போவது என்பது பெரும்பாலும் இருவர் மூவர் சேர்ந்து போவதேயாகும். பெற்றோர் கேட்கும் முதல் வினா, “உன்னோடு யார் வருகிறார்கள்?” என்பதே. ஆதலின் ஒருத்தி நின்றுவிட்டால் அவளோடு செல்லும் மற்றவளின் படிப்பும் ஆடிப்போகிறது. இழப்பைக் கணக்கிடுவோர் ஒருத்தி நின்றாள் என்று எழுதுவர். உண்மையில் அறுந்தது ஒரு சங்கிலி.

வழித்துணையைப் பெருக்கினால் கல்வி பெருகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. பேகம் ரொக்கையா 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு பள்ளி தொடங்கியபோது, வீடு வீடாகச் சென்று பெற்றோரை இசைவித்தார். மாணவியர் சேர்ந்து வந்து செல்லத் திரையிட்ட வண்டியும் அமர்த்தினார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரவர் கற்றனர், முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்குக் கற்பித்தோரும் பெரும்பாலும் பெண்களே. 2001க்குப் பின் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. பாவாடையும் சட்டையும், துப்பட்டாவும் புர்காவும் அணிந்த மாணவியர் வரிசையாக மிதிவண்டியில் செல்லும் காட்சியைக் கண்ட ஒரு சிறுமிக்கு, பெண் என்பவள் யாரென்று தனியே விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்றைய இற்செறிப்பு

எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில் ஒரு வாசல் இருக்கிறது. பெண் பெரியவளாகும் பருவம் அது. அன்று வரை தெருவில் ஓடியவள் அன்று முதல் நடக்க வேண்டும். அன்று வரை உரக்கச் சிரித்தவள் அன்று முதல் மெல்லச் சிரிக்க வேண்டும். இது எல்லாச் சமயத்தாரிடையேயும், எல்லாச் சாதியாரிடையேயும் இருந்த வழக்கமே. எனினும் நம் சமுதாயத்தில் சென்ற தலைமுறை வரை இவ்வாசலில் நின்றுபோனவர் மிகப் பலர் என்பதை மறுப்பதற்கில்லை.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவரே 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை வெளியிட்டு, தமிழில் புதினம் படைத்த முஸ்லிம் பெண்மணியருள் முன்னோடியானார். துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்டார். தோழியர் சிலரோடு திரையரங்கு சென்றதே அதற்குக் காரணமாயிற்று என்பதை அவரே பலமுறை கூறியுள்ளார். வீட்டுக்குள் இருந்தவாறே படித்தும் எழுதியும் வளர்ந்த அவர், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் புதினத்தைத் தந்தார். 2025இல் நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினரானார். இவ்விருவரின் உயர்வைப் பேசி நாம் பெருமை கொள்கிறோம். பெருமை தக்கதே. ஆனால் இருவர் மதிலைக் கடந்தனர் என்பதால் மதில் தாழ்ந்தது என்று பொருளாகாது. கடவாமல் நின்றவர்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. பழைய வருகைப் பதிவேடுகளில் மட்டுமே உள்ளன.

பள்ளியை விட்டு நிறுத்தப்படும் பெண் பாடத்தை மட்டுமா இழக்கிறாள்? தன் பெயரை உரக்கக் கேட்கும் அவையை இழக்கிறாள். தானே தேர்ந்த தோழியை இழக்கிறாள். மகள், தங்கை, மருமகள் என்னும் பெயர்களுக்கே அவள் மீண்டும் முழுதாகத் திருப்பப்படுகிறாள். அப்பெயர்கள் தாழ்ந்தவை அல்ல. அவற்றைத் தவிர வேறொன்றும் தனக்கில்லை என்று ஒருத்தி எண்ணத் தொடங்குவதே இழப்பு.

அறத்தொடு நின்றவள்

முன்னர்க் கூறிய மாணவிக்கு வருகிறேன். நன்றியுரை சொல்லக் கேட்ட அப்பெண், ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. பெரியவளாகிவிட்டாள் என்று கேள்வியுற்றேன். இரு வாரங்கள் பதிவேட்டில் விடுப்பு என்று குறித்தேன். அதன்பின், தலைமையாசிரியர் கூறியவாறு, அவள் பெயரின் மீது சிவப்பு மையால் கோடு இழுத்தேன். அவள் வீடு பள்ளியிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தது. பெண்ணாகிய எனக்கு அவ்வீட்டினுள் செல்லத் தடையேதும் இல்லை. ஆயினும் நான் போகவில்லை. அது அவர்கள் குடும்பச் செய்தி என்று என்னை நானே அமைதிப்படுத்திக்கொண்டேன்.

போனவள் அவளது பெஞ்சுத் தோழி. நாள்தோறும் மாலையில் அன்றைய பாடக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு போய்த் தன் தோழிக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். ஒருநாள், பயணம் முடிந்து ஊர் திரும்பியிருந்த தோழியின் வாப்பாவிடம், கதவோரத்தில் நின்றவாறே பேசியிருக்கிறாள். “மாமா, நாங்க ரெண்டு பேரும் ஒன்னாப் போய் ஒன்னா வந்துருவோம். அவ வரலைன்னா எங்க வாப்பாவும் என்னை அனுப்ப மாட்டாங்க. பத்தாவது பரீட்சை வரைக்கும் மட்டும் அனுப்புங்க மாமா,” என்று சொன்னாளாம். பதினான்கு வயதுச் சிறுமி. தொல்காப்பியத்தை அவள் படித்ததில்லை. ஆனால் அறத்தொடு நிற்றல் என்பதை அன்று அவள் செய்தாள்.

அவ்வாப்பா நல்ல மனிதர். மறுவாரம் மகளைத் தாமே அழைத்து வந்தார். சிவப்புக் கோட்டின் கீழே அவள் பெயரை நான் மீண்டும் எழுதினேன். தோழியர் இருவரும் பத்தாம் வகுப்பில் தேறினர். திரும்பி வந்தவள் மேனிலைப் பள்ளிக்கும், அடுத்துக் கல்லூரிக்கும் சென்றாள். இன்று அவளும் ஓர் ஆசிரியை. அவளுக்காகப் பேசியவளோ பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டாள். சில ஆண்டுகளில் மணமகளாகி வேற்றூர் சென்றாள். அவளுக்காகக் கதவோரத்தில் நின்று பேச ஒருவரும் இருக்கவில்லை. அன்றும் நான் போகவில்லை. பள்ளியைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் இந்த இரண்டாவது பெண்ணே என் கண்முன் நிற்கிறாள்.

தோழமையின் மறுபக்கம்

தோழமை எப்போதும் நன்மையே செய்யும் என்று கூறின் அது உண்மையாகாது. நிறத்தைக் குறித்தும், உடையைக் குறித்தும், உடலைக் குறித்தும் சிறுமியர் ஒருவரையொருவர் புண்படுத்துவதை யாவரும் அறிவோம். ஓட்டப் பந்தயத்தில் முந்துபவளை ஆண்பிள்ளைபோல் இருக்கிறாள் என்று நகையாடுவோர் பெரும்பாலும் மாணவியரே. நிறைய மதிப்பெண் பெறுபவளைக் கர்வி என்பர். நிறையக் கேள்வி கேட்பவளை வாயாடி என்பர். வீட்டில் பாட்டியர் போட்ட வேலியைப் பள்ளியில் தோழியரே காவல் காக்கிறார்கள். இன்று கைப்பேசிக் குழுக்களின் வழியாக அக்காவல் இரவிலும் தொடர்கிறது.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடிக் காமன் கோட்டத்தைத் தொழுதால் கணவனைக் கூடலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமை தராது என்று கண்ணகி மறுக்கிறாள். தோழியின் அறிவுரையை மறுக்கும் அவ்விடத்தில்தான் கண்ணகி யாரென்று நாம் முதன்முதலாக அறிகிறோம். ஊர் வழக்கத்தைச் சொல்லும் தோழியிடமும் அன்போடு மறுத்துப் பேசலாம். மறுத்த பின்னும் தோழமை நிலைக்கும் என்று கற்பதும் பள்ளி உறவுகள் தரவேண்டிய கல்வியே.

செய்யத்தக்கன

பெரிய திட்டங்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அது ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குமே உரியது. அதாவது இற்செறிப்பு தொடங்கும் வயதில் சட்டத்தின் கை முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பெற்றது. அப்பணம் கல்லூரி வாயில் வரை வந்தவளுக்கே பயன்படும். இடைப்பட்ட சில ஆண்டுகளைக் காக்க வேண்டியோர் ஆசிரியரும், பெற்றோரும், மகல்லாப் பெரியோருமே.

ஆசிரியப் பெருமக்களுக்கு முதற்கண் ஒரு வேண்டுகோள். வகுப்பறைப் பணிகளை ஒரு தாளில் எழுதி, கிழமைதோறும் மாணவருக்கும் மாணவியருக்கும் மாற்றி மாற்றி வழங்குங்கள். பெருக்குவதும் மணியடிப்பதும், வரவேற்பதும் நன்றி சொல்வதும் இருவருக்கும் வரட்டும். மாணவியர் பக்கத்தில் அமர்த்தும் தண்டனையை இன்றோடு கைவிடுங்கள். மாணவி ஒருத்தி மூன்று நாட்கள் வரவில்லையெனில், நான்காம் நாள் ஆசிரியை ஒருவர் அவள் வீட்டுக்குச் செல்லட்டும். சிவப்பு மை கையில் இருக்கும்போது கால்களும் இருக்கின்றன என்பதை நான் மறந்ததுபோல் நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

பள்ளி, கல்லூரி நிருவாகத்தினருக்கும் மகல்லாப் பெரியோருக்கும் அடுத்த வேண்டுகோள். ஒரு பெண் ஏன் நின்றாள் என்று வினவும்போது, அவளோடு சேர்ந்து சென்றவள் யார், அவள் நிலை என்ன என்றும் வினவுங்கள். இருவரைச் சேர்த்துக் காத்தால் இருவரும் நிலைப்பர். ஒரே தெருவினர் சேர்ந்து வர ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்வது, பத்துப் பரிசுக் கோப்பைகளைவிடப் பெரிய தொண்டு. நம் ஊர்களில் படித்த ராத்தாமார் பலர் இன்று இல்லங்களில் இருக்கின்றனர். மாதம் ஒருமுறை அவர்கள் பள்ளிக்கு வந்து மாணவியரோடு பேசட்டும்.

பெற்றோருக்கு ஒன்று கூறுவேன். நாணம் இருபாலருக்கும் அழகு என்பதே நம் மார்க்கம் கற்பிப்பது. அடக்கத்தையும் அச்சத்தையும் ஒன்றாக்கி மகளுக்கு மட்டும் ஊட்டுவது அதன் கருத்தன்று. காக்காவுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி என்று வீட்டில் இருப்பின், பள்ளியில் எத்துணை நல்ல ஆசிரியர் இருந்தும் பயனில்லை.

மாணவியரே, உங்களுக்கும் ஒன்று. இந்தக் கல்லூரியில் உங்களோடு அமர்ந்திருப்பவளைப் பாருங்கள். பின்னர், உங்களோடு பள்ளியில் அமர்ந்திருந்து இங்கே வராமற்போனவளை நினையுங்கள். இந்த விடுமுறையில் அவள் வீட்டுக்குச் செல்லுங்கள். நூலொன்றை எடுத்துச் செல்லுங்கள். தொலைநிலைக் கல்வியில் சேரலாம், தனித்தேர்வு எழுதலாம் என்று சொல்லுங்கள். அவள் வாப்பாவிடமும் உம்மாவிடமும் பேச வேண்டியிருந்தால் பேசுங்கள். தயக்கமாய் இருந்தால் உங்கள் ஆசிரியையை உடன் அழையுங்கள். அழைத்தால் நான் வருவேன்.

தோழி என்பவள் அகநூல்களில் மட்டும் வாழ்பவள் அல்லள். இற்செறிப்பு ஒருநாளில் நீங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கதவோரத்தில் நின்று பேசும் தோழி ஒருத்தியும், அவளுக்குப் பின்னே நிற்கும் ஆசிரியை ஒருத்தியும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பின், வருகைப் பதிவேடுகளில் சிவப்புக் கோடுகள் குறையும். அதுவே என் வேண்டுதல்.